ரசத்துக்கு முன்பே இலையை மடிக்கலாமா?

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து தோழிகள் கூடி ஃப்ளிப் 7 சீட்டு ஆடுகிறோம். 15, 16 புள்ளி வந்ததுமே நான் “போதும்” என்று சொல்லிவிடுவேன். அவுட் ஆவது அபூர்வம். ஆனாலும் மூன்று மாதமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. யோசிக்காமல் “இன்னொன்று போடு, இன்னொன்று போடு” என்கிறவள்தான் ஜெயிக்கிறாள். எனக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டாள். எனக்கு அதிர்ஷ்டம் இல்லையா, ஆடத் தெரியவில்லையா? அடுத்த வாரத்திலிருந்து பணம் வைத்து ஆடலாம் என்கிறார்கள். சேரலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடாதீர்கள். பந்தியில் ரசம் வருவதற்கு முன்பே இலையை மடிக்கிற ஆள் நீங்கள். அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. எரிக் ஓல்சன் உருவாக்கி 2024இல் வெளிவந்தது. மறு வருடமே ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதுக்கான கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்றாக நின்றது, ஆனால் விருது கிடைக்கவில்லை. உங்கள் முறை வரும்போது ஒரு சீட்டு திறக்கப்படும். ஏற்கெனவே உங்கள் முன்னால் இருக்கும் எண்ணே மறுபடி வந்தால் அவுட், அந்தச் சுற்றில் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டால் எண்களைக் கூட்டிப் புள்ளி. ஏழு வெவ்வேறு எண்கள் சேர்ந்துவிட்டால் கூடுதலாக 15 புள்ளி, சுற்றும் அங்கேயே முடிந்துவிடும். யாராவது 200ஐ எட்டினால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும், அதிகம் வைத்திருப்பவருக்கு வெற்றி.

இது மங்காத்தா இல்லை. கட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். 12 என்ற எண்ணில் பன்னிரண்டு சீட்டுகள், 11இல் பதினொன்று, இப்படியே இறங்கி 1இல் ஒன்றே ஒன்று. 0வும் ஒன்றுதான். எண் சீட்டுகள் 79, சிறப்புச் சீட்டுகள் 15, மொத்தம் 94. புள்ளியை அள்ளித் தரும் பெரிய எண்தான் உங்களைக் கவிழ்க்கவும் அதிகமாகக் காத்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு சுலபமான கணக்கு கிடைக்கிறது. உங்கள் எண்களின் கூட்டுத்தொகையிலிருந்து எத்தனை எண் சீட்டு வைத்திருக்கிறீர்களோ அதைக் கழியுங்கள். உங்களை அவுட் ஆக்கக்கூடிய சீட்டுகள் கட்டில் அத்தனை இருக்கின்றன. (0 இருந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அது திரும்ப வரவே வராது.)

உங்கள் 15ஐயே எடுத்துக்கொள்வோம். 9, 6 வைத்திருக்கிறீர்கள். 15இலிருந்து 2 போக 13. புதிதாகக் கலைத்த கட்டில் மீதி 92 சீட்டுகள். அவுட் ஆகும் வாய்ப்பு ஏழில் ஒன்று. அதற்கா பயந்தீர்கள்? ஓர் எண் சீட்டின் சராசரி மதிப்பே 8க்குச் சற்று மேல், தாராளமாகக் கேட்கலாம். 12, 8 என்று 20 இருந்தாலும் ஐந்தில் ஒன்றுதான், இன்னொன்று கேட்கலாம். 12, 8, 5 என்று 25க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட நாலில் ஒன்று. வரக்கூடியதைவிடப் போகக்கூடியது அதிகமாகிவிடுகிறது, அங்கே நிறுத்துங்கள். ஆக, இருபதுகளின் நடுவில்தான் உங்கள் “போதும்” வர வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக வந்து 21 ஆனால் எழுந்திருக்கவே கூடாது. ஒரே ஒரு புது எண் வந்தால் போதும், 15 புள்ளி கூடுதல்.

இன்னொன்று, எல்லோருடைய சீட்டும் திறந்துதான் கிடக்கிறது. எதிரே மூன்று 12 கிடந்தால் உங்கள் 12க்கு அவ்வளவு ஆபத்து குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சுற்று முடிந்ததும் சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக் கட்டிலேயே தொடர வேண்டும், கட்டு தீர்ந்த பிறகுதான் மறுபடி கலைக்க வேண்டும். பல வீடுகளில் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கலைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கவனித்து ஆடுகிறவருக்கு ஒரு லாபமும் இல்லை.

உங்கள் தோழியின் ‘தைரியம்’ பற்றி: 30 வரை இழுத்து, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அவுட் ஆனாலும் அவளுக்குச் சராசரி 15. உங்களுக்கும் அதேதான். ஆனால் ஒரு தடவைகூட அவுட் ஆகாமல் 15, 15ஆகச் சேர்த்தால் 200க்கு 14 சுற்று வேண்டும். ஐந்து பேரில் யாராவது ஒருவருக்கு நல்ல சீட்டு விழுந்து அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அவள் 190இலும் நீங்கள் 140இலும் இருக்கும்போது மேலே சொன்ன கணக்கையெல்லாம் மறந்துவிட்டு இழுங்கள். அப்போது 25இல் நிறுத்துவதும் அவுட் ஆவதும் ஒன்றுதான்.

பணம் வேண்டாம். ஓர் ஆட்டம் இருபது நிமிடம், காசு வைத்துத் தோற்றவர் “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்” என்று விடியும்வரை எழ விட மாட்டார். தோற்றவர் பஜ்ஜி வாங்கித் தரட்டும். எங்கள் வீட்டில் கடைசியாக வருபவர் பாத்திரம் கழுவ வேண்டும். 30ஐத் தாண்டியும் கை நிற்காத ஆசாமி நான் என்பதால் நிறையக் கழுவியிருக்கிறேன்.

பட்டப்பெயருக்கு மருந்து கட்டிலேயே இருக்கிறது. ‘ஃப்ளிப் த்ரீ’ சீட்டு வந்தால் அந்தச் சுற்றில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், வாங்கியவர் மூன்று சீட்டு எடுத்தே ஆக வேண்டும். அவள் 12, 11, 10 என்று அடுக்கி வைத்துச் சிரிக்கும் நேரம் பார்த்து அதை அவள் முன்னால் வையுங்கள். “இன்னொன்று போடு” என்று அவள் கேட்கவே வேண்டியதில்லை, மூன்றாகவே கிடைத்துவிடும்.