மொட்டைமாடியில் பீங்கான் முட்டை

கேள்வி: 1956-இல் மாமனாரின் அப்பா கட்டிய வீட்டுக்கு இப்போதுதான் குடிவந்தோம். மொட்டைமாடியில் இரண்டு குழாய்களுக்கு நடுவே களிம்பேறிய செம்புக் கம்பி, இரு முனையிலும் முட்டை மாதிரி வெள்ளைப் பீங்கான். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, கூடத்து ஜன்னலோரம் கத்தி போன்ற ஒரு சுவிட்சில் முடிகிறது. உத்தரத்தில் நாலு இரும்பு வளையம். கொல்லைச் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு சின்னத் தகரக் கதவு, கணவர் கோழிக்கூடு என்கிறார். எதைக் கழற்றலாம் சார்?
- வாசகி, திருச்சி

பதில்: வளையம் ஊஞ்சலுக்கு. கழற்றாதீர்கள், உத்தரம் உளுத்துப்போகவில்லையா என்று ஒரு ஆசாரியை விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஆடுங்கள்.

பீங்கான் முட்டை, ரேடியோ ஏரியலுக்கு. வால்வு ரேடியோ காலத்துச் சமாச்சாரம். கம்பியில் வரும் சிக்னல் குழாய் வழியாகத் தரைக்கு ஓடிவிடாமல் தடுப்பதுதான் பீங்கானின் வேலை. அதன் இரண்டு ஓட்டைகளும் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதைக் கவனித்தீர்களா? பீங்கானே உடைந்தாலும் இரண்டு பக்கத்துக் கம்பிகளும் ஒன்றில் ஒன்று கோத்து நிற்கும், அறுந்து விழாது. ஜன்னலோரச் சுவிட்ச் இடி மின்னலுக்கு. மழை இருட்டிக்கொண்டு வந்தால் கைப்பிடியை மறுபக்கம் தள்ளி, ஏரியலை எர்த்தோடு சேர்த்துவிடுவார்கள்.

சரி, திருச்சி வானொலி நிலையம் 1939-லிருந்தே உங்கள் ஊரில் இருக்கும்போது, அதைக் கேட்க இவ்வளவு பெரிய ஏரியல் எதற்கு? எனக்கென்னவோ உங்கள் தாத்தா கொழும்பிலிருந்து வந்த சிலோன் ரேடியோ கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டு மட்டம் என்று ஆகாசவாணியில் கத்தரி போட்டார், ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். ஆகாசவாணியே சினிமாப் பாட்டுப் போட்ட விவித் பாரதி 1957-இல்தான் வந்தது, உங்கள் வீடு கட்டி முடித்த பிறகு! இதைக் கழற்றலாம், யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் நானாக இருந்தால் முட்டை இரண்டையும் எடுத்து அலமாரியில் வைப்பேன். அப்புறம், பழைய மர ரீப்பர் வயரிங் இன்னும் ஓடுகிறது என்றால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அந்தக் காலத்து வயரின் ரப்பர் உறை இத்தனை வருஷத்தில் தொட்டாலே உதிரும்.

தகரக் கதவு... கதவுக்கு வெளியே சந்து, உள்பக்கம் அதற்கு நேர் மேலே ஓட்டை வைத்த மேடை, இரண்டும் இருந்தால் அது எடுப்புக் கக்கூஸ். மலம் எடுக்க வந்தவர் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பதற்காகச் சந்துப் பக்கம் வைத்த கதவு. குனிந்து, கையை உள்ளே விட்டு வாளியை இழுக்க வேண்டும், தினமும். இப்படிக் கட்டுவதையும் ஆள் வைத்து அள்ளுவதையும் தடுக்க 1993-இல்தான் சட்டம் வந்தது. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள், அதனால்தான் கோழிக்கூடு ஆகிவிட்டது. தாராளமாக அடைத்துவிடலாம், கொத்தனாருக்கு அரைநாள் வேலை.