எச்சில் கட்டும் மூட்டை: கேள்வி பதில்

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் எடுக்கிறேன். போன வாரம் பேச்சுவாக்கில், "எச்சிலில் இருக்கும் சில புரதங்கள் பாக்டீரியாவை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரட்டிவிடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மேடம், அப்படித் திரட்டினால் கிருமி செத்துவிடுமா?

சாகாது. கட்டிக்குள் உயிரோடுதான் இருக்கும். கொல்கிற வேலைக்கு லைசோசைம் போன்ற வேறு ஆட்கள் எச்சிலில் உண்டு. திரட்டும் புரதத்தின் வேலை மூட்டை கட்டுவது மட்டும்தான், தூக்கிக்கொண்டு போவது எச்சிலின் ஓட்டம். நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது, பெரும்பாலும் நாமே விழுங்கிவிடுகிறோம். ஒரு மில்லி எச்சிலில் சுமார் பத்துக் கோடி பாக்டீரியா இருக்கும். தனித்தனியாக அலைந்தால் பல்லிலோ கன்னத்திலோ ஒட்ட இடம் தேடும். மூட்டைக்குள் மாட்டியது அடுத்த மடக்கில் வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அமிலம் பார்த்துக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா? நான் இரண்டாம் ஆண்டு மாணவன்.

தாராளமாக, தம்பி. உங்கள் துறை லேபிலேயே செய்யலாம். ஐஸில் வைத்த குழாயில் எச்சிலைச் சேகரித்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்த மேல்பகுதியை மட்டும் எடுங்கள். பல் சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை வளர்த்து, கழுவி, பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசலில்) கலக்கினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்து, துளி கால்சியம் விட்டு, 37 டிகிரியில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ரவை ரவையாக ஏதோ மிதக்கும். போகப் போக, திரிந்த பால் கதைதான்: மேலே தெளிவு, அடியில் திப்பி.

இன்னொரு குழாயில் இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள், கலங்கல் கலங்கலாகவே நிற்கும். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புரதத்தின் பிடி விட்டுப்போகிறது. என் வகுப்பில் ஒருவர் எச்சில் சட்டென்று திரட்டும், பக்கத்தில் இருப்பவருடையது அசையவே அசையாது. ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம்.

எங்கள் ஆத்தா கலங்கல் தண்ணீருக்குப் பானையில் தேத்தாங்கொட்டை உரசுவார். அதுவும் இதுவும் ஒன்றா?

அருமையான கேள்வி. கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: தூள் தூளாக மிதந்தது கூடிக் கனத்து அடியில் படிகிறது. முருங்கை விதையிலும் இப்படித் தெளியவைக்கும் புரதம் உண்டு. அதற்கு நேர்மின்னூட்டம், மண்ணுக்கும் பாக்டீரியாவுக்கும் எதிர்மின்னூட்டம், அதனால் எது வந்தாலும் இழுத்துக்கொள்ளும். எச்சில் புரதம் அப்படி இல்லை. ஆள் பார்த்துப் பிடிக்கும்.

அந்தப் புரதத்தின் பெயர் என்ன?

ஒன்று இரண்டு இல்லை. எச்சிலுக்கு வழவழப்புத் தரும் மியூசின்கள் உண்டு, கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் ஐஜிஏ ஆன்டிபாடி உண்டு. ஆனால் இதில் பெரிய கை ஜிபி-340. பெயர்க் குழப்பத்துக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. பல் ஆராய்ச்சிக்காரர்கள் எச்சிலில் பிரித்து 'அக்ளூட்டினின்' என்றார்கள். நுரையீரல்காரர்கள் ஜிபி-340 என்றார்கள். 1997இல் மூளைப் புற்றுக்கட்டிகளில் ஒரு மரபணு தொலைந்துபோயிருப்பதைக் கண்டவர்கள் அதற்கு டிஎம்பிடி-1 என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது சிலர் 'சால்சா' என்றும் எழுதுகிறார்கள்!

ஒரே மாதிரியான மடிப்புகள் பதின்மூன்று, மணி கோத்தது போல வரிசையாக இதில் இருக்கின்றன. ஒரு மணி ஒரு பாக்டீரியாவைப் பிடிக்க, இன்னொரு மணி அடுத்ததைப் பிடிக்க, வலை பின்னிவிடும்.

இவ்வளவு இருந்தும் எனக்கு ஏன் நாலு பல் சொத்தை?

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. எச்சிலில் மிதக்கும்போது மூட்டை கட்டுகிற அதே ஜிபி-340, பல்லின் மேல் படிந்துவிட்டால் கிருமிக்குக் கொக்கியாகிவிடுகிறது. பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே எச்சில் புரதங்கள் பல்லில் மெல்லிய படலமாகப் படியும், இதுவும் அதில் ஒன்று. மியூட்டன்ஸ் வந்து அதைப் பிடித்துக்கொண்டு குடியேறும். போதாததற்கு அடிக்கடி இனிப்பு தின்றால் அது அமிலம் சுரந்து பல்லைக் கரைக்கும். இந்தப் புரதத்தை நல்லவன் கெட்டவன் என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. இருக்கும் இடம்தான் கணக்கு.

அலர்ஜி மாத்திரை போட்டால் வாய் வறள்கிறது. அதற்கும் சொத்தைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மூட்டை கட்டினாலும் தூக்க ஆள் வேண்டுமே. நீண்ட நாள் மாத்திரை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரை அடிக்கடி மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

வாயில் மட்டும்தானா இது?

சிறுநீரில் இதைவிட அழகாக நடக்கிறது. யூரோமோடுலின் என்று ஒரு புரதம். நலமாக இருப்பவரின் சிறுநீரில் மற்ற எல்லாப் புரதத்தையும்விட இதுதான் அதிகம். 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். ஈ.கோலை பாக்டீரியா தன் மயிரிழை நுனியால் சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துத்தான் தொற்றை ஆரம்பிக்கும். யூரோமோடுலின் நீண்ட இழையாக, அதே சர்க்கரையைச் சுமந்துகொண்டு மிதக்கும். ஏமாந்து அதைப் பிடித்த ஈ.கோலை இழையோடு சிக்கி வெளியே போய்விடும். 2020இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் அந்த இழை மீன் முள் மாதிரித் தெரிந்தது.

அப்படியென்றால் டி-மேனோஸ் பொடி வாங்கிக் குடிக்கலாமா? ஆன்லைனில் விற்கிறார்கள்.

யோசனை சரிதான், பலன்தான் தேறவில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற 598 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த சோதனை 2024இல் வெளியானது. பொடி குடித்தவர்களுக்கும் போலிப் பொடி குடித்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்டும் இந்த ஒட்டல்தானா?

அதேதான், 1896இலிருந்து வருவது. அங்கே டைபாய்டு கிருமி லேபிலிருந்து, ஒட்டவைக்கும் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்திலிருந்து. முன்பு எப்போதோ வந்த காய்ச்சலுக்கும் போட்ட தடுப்பூசிக்கும்கூட ஒட்டல் காட்டும் என்பதால், ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் கேளுங்கள்.

காலையில் பல் தேய்க்கும் முன் எச்சிலை முகப்பருவில் தடவலாமா மேடம்? பாட்டி சொன்னார்.

வேண்டாம்மா. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ராத்திரி முழுக்க எந்த மூட்டையும் கிளம்பாமல் வாயிலேயே கிடந்திருக்கும். அதையா முகத்தில் தடவப் போகிறீர்கள்?