ஃபேட்டி லிவர் இருக்கிறது, சர்க்கரை இல்லை. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு பெக். அளவாகக் குடித்தால் சர்க்கரை வராது என்கிறார்களே, உண்மையா?

உங்கள் விஷயத்தில் அதை நம்பாதீர்கள். கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியது நிஜம்தான். ஆனால் அவற்றில் பலவற்றில், உடம்பு கெட்டுக் குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார். 2015-இல் பல ஆய்வுகளைத் திரட்டி அலசியபோது, அந்த நன்மை பெண்களிடமும் ஆசியர் அல்லாதவர்களிடமும் மட்டுமே மிஞ்சியது.

ஃபேட்டி லிவர் ஒன்றே சர்க்கரை வரும் வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. ராத்திரியெல்லாம் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே போன மதுவையும் அதே கல்லீரல்தான் எரிக்க வேண்டும். எரித்து முடியும்வரை கொழுப்பை எரிக்கும் வேலை பின்தங்கும், மேலும் கொழுப்பு சேரும்.

'பெக்' என்ற கணக்கை விடுங்கள், கிராமில் எண்ணுங்கள். மில்லிலிட்டர் × சதவீதம் × 0.79 ÷ 100. 40% சரக்கு 60 மி.லி. என்றால் 19 கிராம்; இரண்டு பெக் 38 கிராம், ஏறக்குறைய 265 கலோரி. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும், ஆக நாலைந்து மணி நேர வேலை. அளவுக் குவளை இல்லாமல் கையால் ஊற்றினால் 60 சுலபமாக 90 ஆகிவிடும். அப்போது இரண்டு பெக் 57 கிராம். பீர் லேசானது என்பவர்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8% பீர் 500 மி.லி.யில் 32 கிராம் இருக்கிறது.

வாரம் ஆணுக்கு 210, பெண்ணுக்கு 140 கிராம் என்று ஒரு கோடு உண்டு. 2023-இல் ஃபேட்டி லிவருக்குப் புதுப் பெயர் வைத்தபோது, மதுவின் பங்கைப் பிரித்துச் சொல்லப் போட்ட கோடு அது. அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று அர்த்தமே இல்லை. ஒழுக்கம் போதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லீரல் கணக்கைத்தான் சொல்கிறேன்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் அது குறைத்துக் காட்டக்கூடும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதும் சேர்ந்து வேண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்றால் சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள். அப்போது மதுவை நிறுத்துவதோடு எடையிலும் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாக வேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1' என்று பார்த்ததும் "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த கிரேடு கொழுப்பைத்தான் சொல்கிறது, கல்லீரலில் விழும் தழும்பைச் சொல்லவில்லை. தழும்புக்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு இதற்கு வேண்டும். வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (ஆயிரங்களில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதால் வகுங்கள். வயது 45, ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64, பிளேட்லெட் 1,80,000 என்றால் 2160 ÷ 1440 = 1.5. 1.3-ஐத் தாண்டினால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி எடுக்க வேண்டும். அதில் தழும்பு முற்றியிருப்பது தெரிந்தால், ஒரு பெக்கூடக் கூடாது.