வெல்மா ஜான்ஸ்டன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மேற்கின் காட்டுக் குதிரைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் வெல்மா ஜான்ஸ்டன் ஒரே வரியில் வந்து போனார். பெயர் மனதில் நின்றுவிட்டதால் தேடிப் படித்தேன். கிடைத்ததெல்லாம் ஒரே அச்சில் இருந்தது: போலியோவை வென்றவர், குதிரைப் பித்து பிடித்தவர், தனியொருத்தியாக அரசை அசைத்தவர். ஆனால் அவர் பல பத்தாண்டுகள் ஒரு இன்சூரன்ஸ் முதலாளியிடம் செயலாளராக இருந்திருக்கிறார். இன்னொருவர் சொல்லச் சொல்ல எழுதியவரை எப்படிச் சுதந்திரமான பெண் என்பது? இன்னொரு சந்தேகமும் உண்டு. அவர் பாடுபட்டுச் சட்டம் கொண்டுவந்த பிறகும் இன்று ஹெலிகாப்டரை வைத்துத்தானே குதிரைகளைத் துரத்திப் பிடிக்கிறார்கள்? அப்படியானால் அத்தனை உழைப்பும் வீண்தானா? கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்த அலுவலக வேலையை அவர் வாழ்க்கையில் ஒட்டாத பகுதியாக நீங்கள் பார்க்கிறீர்கள். எனக்கென்னவோ அவருடைய பலமே அங்கேதான் இருந்ததாகத் தோன்றுகிறது. குதிரைகளைக் காப்பாற்ற அவருக்குச் சேணத்தைவிடத் தட்டச்சுப்பொறிதான் அதிகம் கைகொடுத்தது.

பிறந்தது 1912இல், நெவாடா மாநிலத்தின் ரீனோவில். குதிரை அந்தக் குடும்பத்துக்குப் பழைய சொந்தம். வெல்மாவின் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, பாலைவனத்தைக் கடக்கும் வழியில் தாய்க்குப் பால் வற்றிப்போக, மஸ்டாங் எனப்படும் காட்டுக் குதிரையின் பாலைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்களாம். குடும்பங்களில் இப்படிச் சில கதைகள் வளர்ந்துவிடும். ஆனால் அந்த அப்பா பிற்பாடு குதிரைகளை வைத்துச் சரக்கு ஏற்றும் தொழில் நடத்தினார், மகள் அவற்றின் நடுவே வளர்ந்தாள் என்பதெல்லாம் உண்மை. 11 வயதில் போலியோ. சான் பிரான்சிஸ்கோவில் மாதக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் கிடந்தார். கட்டைப் பிரித்தபோது முகமும் முதுகும் கோணியிருந்தன. வலி கடைசிவரை விடவில்லை. இதை மட்டுமே பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்களிடம் எனக்கும் சலிப்புதான். போலியோ வந்த எல்லோரும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டவில்லை.

அவரைத் தட்டவைத்தது 1950இல் ஒரு காலைப்பொழுது. காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டியது. ஏதோ விலங்குக்கு அடிபட்டிருக்கிறது, டிரைவருக்குத் தெரியவில்லை போலும் என்று பின்தொடர்ந்தார். லாரி நின்ற இடத்தில் எட்டிப் பார்த்தால், உள்ளே நெருக்கியடித்து நின்றவை காட்டுக் குதிரைகள். இறைச்சிக்குப் போகின்றன. கீழே ஒரு குட்டி மிதிபட்டுக்கொண்டிருந்தது.

குதிரைகளைப் பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். சிறிய விமானம் தாழப் பறந்து, துப்பாக்கியால் சுட்டு மிரட்டி, மலையிலிருந்து கூட்டத்தைச் சமவெளிக்கு விரட்டும். அங்கே லாரிகள் தயாராக இருக்கும். ஓடும் குதிரையின் கழுத்தில் சுருக்குக் கயிறு விழும். கயிற்றின் மறுமுனையில் கனமான லாரி டயர். டயரை இழுத்துக்கொண்டே ஓடி, மூச்சு முட்டி நிற்கும்போது காலைக் கட்டித் தள்ளி, பலகை வழியாக ஏற்றிவிடுவார்கள். நாய்க்கும் கோழிக்கும் தீனியாக, பவுண்டுக்குச் சில சென்ட் விலையில் போகும். அன்றைக்கு இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

வேறு யாராவதாக இருந்தால் அழுதிருப்பார்கள், அல்லது லாரிக்காரனிடம் சண்டை பிடித்திருப்பார்கள். வெல்மா கோப்பு திறந்தார். எந்தத் தாள் யார் மேசைக்குப் போக வேண்டும், எது படிக்கப்படும், எது குப்பைக்குப் போகும் என்பது நல்ல செயலாளருக்குத் தெரியும். பகலில் முதலாளியின் கடிதங்கள், இரவில் குதிரைகளுக்கான கடிதங்கள். 1952இல் ஸ்டோரி மாவட்டத்தில் விமானத்தை வைத்துக் குதிரை பிடிப்பதற்குத் தடை வாங்கினார். 1955இல் மாநிலச் சட்டம் வந்தது. ஆனால் அதில் பெரிய ஓட்டை. நெவாடாவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கூட்டாட்சி அரசுடையது. அங்கே இந்தச் சட்டம் செல்லாது. குதிரைகள் திரிந்ததோ பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் வாஷிங்டன் போக வேண்டிவந்தது.

1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது கையில் புகைப்படங்கள் இருந்தன. கருணை காட்டுங்கள் என்று கேட்பதைவிட, டயரோடு மல்லுக்கட்டும் குதிரையின் படத்தைக் காட்டுவது மேல் என்று தெரிந்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம், அரசு நிலத்தில் விமானத்தையும் மோட்டார் வண்டியையும் வைத்துக் காட்டுக் குதிரைகளை வேட்டையாடுவதைத் தடுத்தது. அவர்கள் குடிக்கும் நீரில் நஞ்சு கலந்து பிடிக்கும் வேலையையும் தடுத்தது. குதிரைகள் என்று எழுத வேண்டிய இடத்தில் அவர்கள் என்று வந்துவிட்டது, இருக்கட்டும். வெல்மா ஆட்சேபிக்க மாட்டார்.

'காட்டுக் குதிரை ஆனி' என்பது எதிர்த்தரப்பு கேலியாக வைத்த பெயர். அவர் அதையே எடுத்துக்கொண்டார். மிரட்டல்களும் வந்தன. எதிர்த்தவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். வறண்ட நிலத்தில் புல் கொஞ்சம்தான். குதிரை தின்ற புல் மாட்டுக்குக் கிடைக்காது. இது வெல்மாவுக்கும் தெரியும். அவரும் கணவர் சார்லியும் டிரக்கி ஆற்றங்கரையில் பண்ணை வைத்திருந்தவர்கள்தான். குழந்தைகள் இல்லாத அவர்கள் அங்கே ஊர்ப் பிள்ளைகளை வரவழைத்துக் குதிரையேற்றம் பழக்கினார்கள். 1964இல் சார்லி இறந்தார். அதற்குப் பிறகுதான் வெல்மாவின் பெரிய வேலையே வருகிறது.

1959 சட்டம் பிடிக்கும் முறையைத்தான் கட்டுப்படுத்தியது. குதிரைக்கு யார் பொறுப்பு என்று சொல்லவில்லை. முத்திரை குத்திய தம் குதிரைகளைக் காட்டுக் கூட்டத்தோடு அவிழ்த்துவிட்டு, அவற்றை மீட்கிறோம் என்று சொல்லி எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. வெல்மா இந்த முறை பள்ளிப் பிள்ளைகளிடம் போனார். நாடு முழுவதிலிருந்தும் அவர்களின் கடிதங்கள் வாஷிங்டனில் குவிந்தன. 'பென்சில் போர்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1971 சட்டம் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்டார். அரசு நிலத்தில் திரியும், உரிமையாளர் இல்லாத குதிரைகளும் கழுதைகளும் கூட்டாட்சி அரசின் பொறுப்பில் வந்தன. துன்புறுத்தினால் 2,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சம்பளத்துக்கு வேலை பார்ப்பது அவருடைய சுதந்திரத்தைக் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொந்தச் சம்பளம் இருந்ததால் எந்த அமைப்பின் தயவும் இல்லாமல் எதிர்த்துப் பேச முடிந்தது. வேலையை உதறிவிட்டுப் புறப்பட்டிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். குதிரைகளுக்கு எந்த நன்மையும் வந்திருக்காது.

அப்புறம் ஹெலிகாப்டர். 1976இல் வந்த திருத்தம் அதை அனுமதித்தது உண்மை. பிடிபட்ட குதிரைகளை மக்களுக்குத் தத்துக் கொடுக்கும் திட்டம் நாடு முழுவதும் விரிந்ததும் அப்போதுதான். 1971இல் அரசின் கணக்கில் குதிரைகளும் கழுதைகளுமாகச் சுமார் 25,000. 2020இல் அது 95,000ஐ நெருங்கியது. இது தவிரப் பிடித்து அடைத்து வைத்திருப்பவை பல பத்தாயிரம். திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி அடைபட்ட குதிரைகளின் தீனிக்கே போகிறது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெல்மா ஒரு குதிரையைக்கூடத் தொடக்கூடாது என்று கேட்டவர் அல்ல. எண்ணிக்கை கூடினால் குறைக்கத்தான் வேண்டும், அதைக் கொடுமையில்லாமல் செய்யுங்கள் என்பதே அவர் நிலைப்பாடு. இன்று ஹெலிகாப்டரில் துரத்துவது கொடுமையா இல்லையா என்று நீதிமன்றத்தில் வழக்காட முடிகிறது. 1950இல் அந்த லாரிக்காரன் மேல் எந்த வழக்கும் போட முடியாது.

1971 சட்டத்துக்கே ஒருமுறை ஆபத்து வந்தது. கூட்டாட்சி அரசுக்கு இதில் அதிகாரமே கிடையாது என்று நியூ மெக்ஸிகோ மாநிலம், அரசு நிலத்தில் திரிந்த 19 கழுதைகளைப் பிடித்து ஏலம் விட்டுவிட்டு வழக்காடியது. 1976 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது. வெல்மா இறந்தது 1977 ஜூனில். அந்தத் தீர்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்புடன்.