ஆற்றங்கரையில் ஐந்து இரவு: கழிப்பறை எங்கே, இன்சுலின் எங்கே?

கேள்வி: வரும் ஜூலையில் லடாக்கின் ஜான்ஸ்கர் ஆற்றில் ராஃப்டிங் போவதற்கு என் மகள் எங்கள் மூவருக்கும் முன்பணம் கட்டிவிட்டாள். ஐந்து இரவு ஆற்றங்கரையிலேயே கூடாரத்தில் தங்க வேண்டுமாம். எனக்கு 51 வயது. பகலில் ஆற்றைக்கூடச் சமாளித்துவிடுவேன். இரவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கழிப்பறைக்கு என்ன செய்வது? துணி நனைந்தால் மாற்றுத் துணிக்கு எங்கே போவது? கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். முகவரைக் கேட்டால், "எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் மேடம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.
ஈரோடு வாசகி ஒருவர்

பதில்: "எல்லாம் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்கிற முகவர், அந்த ஆற்றைப் படத்தில் மட்டுமே பார்த்தவராக இருப்பார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கழிப்பறை. பலர் கேட்க நினைத்து, கூச்சப்பட்டு விழுங்கிவிடும் கேள்வி இது.

மாலை நான்கு மணிவாக்கில் ராஃப்டுகள், அதாவது காற்றடைத்த ரப்பர்ப் படகுகள், கரையேறும். சமையல் கூடாரம் எழும்பும்போதே, அதிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆள் நிற்கும் உயரத்தில் ஒரு சிறு கூடாரமும் எழும்பும். அதுதான் கழிப்பறை. உள்ளே ஒரு குழி, மேலே மடக்கு இருக்கை, பக்கத்தில் மண்ணோ சாம்பலோ அள்ளிப்போட ஒரு கரண்டி. நல்ல குழுவினர் குழி தோண்டாமல் மூடியுள்ள பெட்டியில் சேகரித்துத் தங்களுடனேயே எடுத்துச் சென்றுவிடுவார்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் அது கட்டாயம். அங்கே ஒரு காலத்தில் ராணுவத் தோட்டாப் பெட்டிகளை இருக்கையே இல்லாமல் பயன்படுத்தினார்கள். எழுந்தால் தொடையில் இரண்டு கோடு பதிந்திருக்குமாம். அந்தப் பள்ளக்கோட்டை வைத்தே அந்தப் பெட்டிக்கு 'குரூவர்' என்று பெயர் வந்தது. உங்களுக்கு இருக்கை உண்டு, கவலை வேண்டாம்.

தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் குழுவில் அங்கே போகிற பாதையின் தொடக்கத்தில் ஒரு துடுப்பை நட்டுவைப்போம். துடுப்பு நின்றால் இடம் காலி. உள்ளே போகிறவர் அதைப் படுக்க வைத்துவிட்டுப் போக வேண்டும், வரும்போது நிமிர்த்திவிட வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் நிமிர்த்த மறந்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பதினோரு பேர் ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தோம்.

இரவில்தான் சங்கடம். உயரமான இடத்துக்குப் போனால் உடல் இயல்பாகவே கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும். மலைநோய்க்கென்று மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு முறையாவது எழுவீர்கள். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். கைபேசி விளக்கு போதாது, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பெண்களுக்கு ஒரு திசை, ஆண்களுக்கு ஒரு திசை என்று முதல் மாலையே பிரித்துவிடச் சொல்லுங்கள். வழிகாட்டி தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. மாதவிலக்குத் துணிகளும் நாப்கின்களும் குழியில் போகக் கூடாது. தனிப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மகளிடமும் சொல்லிவையுங்கள்.

அடுத்தது, கூடாரத்தை எங்கே போடுவது? ஆற்றுக்கு மிக அருகில் மெத்தை போல மணல் இருக்கும். எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். போகாதீர்கள். ஜான்ஸ்கர் பனியாற்று நீரில் ஓடும் ஆறு. பகல் வெயிலில் மேலே உருகிய தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஆறு ஏறும். சாயங்காலம் தண்ணீர் தொடுகிற விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவையுங்கள். சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் குச்சியின் காலைத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். வழிகாட்டிகளும் இதைத்தான் செய்வார்கள், ராஃப்டுகளைப் பெரும்பாறையில் இரண்டு கயிறு போட்டும் கட்டுவார்கள். பக்கவாட்டு ஓடை வந்து சேரும் வாயிலும் கூடாரம் வேண்டாம், அது எவ்வளவு வறண்டு கிடந்தாலும் சரி. 2010 ஆகஸ்டில் ஒரே இரவில் மேகவெடிப்பு லே நகரையே புரட்டிப்போட்டது. வறண்ட ஓடைகள் வழியாகத்தான் சேறு வந்தது.

பிற்பகலில் ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து மேலே நோக்கிக் காற்று வீசும். மணலில் கூடார முளை நிற்காது. கூடாரத்தின் நான்கு மூலைக்குள்ளும் தலையளவு கல் வையுங்கள். ஆளில்லாத கூடாரம் பலூன் போல உருண்டுபோய் ஆற்றில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த ஸ்லீப்பிங் பேக்கோடு.

துணி விஷயம். உங்கள் பொருள்கள் நீர் புகாத பையில் போகும். அதன் வாயை ஒழுங்காக மூடத் தெரியாததால்தான் துணி நனைகிறது, பை ஓட்டை என்பதால் அல்ல. பையை முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். மேலே முழங்காலை வைத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். வாயின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டி, அதன் பிறகு கொக்கி மாட்டுங்கள். துணியின் ஓரம் ஒரு விரல் அளவு வாயில் சிக்கியிருந்தாலும் திரி போலத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். உள்ளே இருப்பதையும் இரண்டு பிளாஸ்டிக் பையில் பிரித்துக் கட்டிவிடுங்கள்.

பருத்தி நமக்குத் தெய்வம், அங்கே எமன். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பருத்திச் சுடிதார், நைட்டி, ஜீன்ஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கம்பளியும் செயற்கை இழைத் துணியும் போதும். முகாமுக்கென்று ஒரு செட் உடுப்பும் கம்பளிக் காலுறையும் தனியே வையுங்கள். அதை அணிந்துகொண்டு ஆற்றின் பக்கமே போகக் கூடாது. பகலில் வெயில் சுட்டாலும் இரவு குளிர் பல்லைக் கிட்டிக்கவைக்கும்.

இனி உங்கள் கணவரின் இன்சுலின். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் பைகளை ராஃப்டில் ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டால் சாயங்காலம் வரை யாருக்காகவும் அவிழ்க்க மாட்டார்கள். இது பொதுவிதி. மருந்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்டு வாங்கினால்தான் உண்டு. அழுத்தி மூடும் கெட்டியான, நீர் புகாத சிறு பெட்டி ஒன்று வழிகாட்டியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பெட்டி போதாது. மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு ராஃப்டில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது மிஞ்சும். பெட்டியை வெயிலில் காயும் ராஃப்டின் ரப்பர்க் குழாயின் மேல் கட்டினால் மருந்து சூட்டில் கெடும். குளிர் அதிகமானாலும் ஆபத்துதான். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான். பகலில் நிழலில், துணி சுற்றி. இரவில் கூடாரத்தின் மூலையில் வைக்காமல் ஸ்லீப்பிங் பேக்குக்குள், சட்டையின் உள்பையில். சர்க்கரை அளக்கும் கருவியும் குளிரில் பிழை காட்டும். அதற்கும் அதே உள்பைதான் இடம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பகல் முழுக்கத் துடுப்புப் போட்டால் சர்க்கரை வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். சர்க்கரை இறங்கினாலும் உடம்பு நடுங்கும், குளிரினாலும் நடுங்கும். நனைந்து உட்கார்ந்திருப்பவர் நடுங்கினால் பக்கத்தில் இருப்பவர் குளிர் என்று நினைத்துப் போர்த்திவிடுவார். ஆகவே குளுக்கோஸ் பொட்டலம் அவருடைய லைஃப் ஜாக்கெட் பையிலேயே இருக்க வேண்டும். அவருக்கு என்ன நோய், நடுங்கினால் முதலில் என்ன கொடுக்க வேண்டும் என்பது எல்லா வழிகாட்டிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிக் கொடுங்கள். பயணத் திட்டத்தை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் மருந்தளவைக் கேளுங்கள். இதை முகவரிடம் சொல்லி அவர் வழிகாட்டியிடம் சொல்லிவிடுவார் என்று நம்பியிருக்காதீர்கள்; சொல்ல மாட்டார்.

முகவர் என்றதும் என் பழைய புண் ஒன்று. நிம்முவில், ஜான்ஸ்கர் சிந்துவோடு கலக்கும் இடத்தில், ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். பல நாள் ராஃப்டிங் என்று பணம் கட்டி வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது, சில்லிங்கிலிருந்து நிம்மு வரை எல்லோரும் அரை நாளில் போய்வரும் அதே ஓட்டம். மிச்ச இரவுகளுக்கு ஒரு தோட்டத்தில் கூடாரம். முகவர் அவர்களை இன்னொருவருக்கு விற்றிருந்தார், அவர் மூன்றாமவருக்கு. ரசீதில் இருந்த பெயர் ஆற்றங்கரையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. 2024 மார்ச்சில், ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் நிம்மு, பதும், டார்ச்சா சாலை இணைக்கப்பட்ட பிறகு இந்த வித்தைக்கு இன்னும் வசதி. காரில் கூட்டிப்போய் ஆற்றோரம் படுக்கவைத்துவிட்டு அதையும் ராஃப்டிங் பயணம் என்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் மனித வாடையே இல்லாத பள்ளத்தாக்குப் படம்.

உங்கள் முகவரிடம் இதைக் கேளுங்கள்: ராஃப்ட் எந்த ஊரில் தண்ணீரில் இறங்குகிறது? ஒவ்வோர் இரவும் முகாம் எங்கே? பதும் பக்கத்திலிருந்து இறங்கி நேரக், லாமாகுரு என்று இடப்பெயர்கள் தயங்காமல் வந்தால் ஆள் பரவாயில்லை. எத்தனை ராஃப்ட்? ஒன்றே ஒன்று என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கவிழ்ந்தால் உங்களைத் தூக்க இன்னொன்று வேண்டாமா? தலைமை வழிகாட்டியின் பெயர் என்ன, அவரோடு தொலைபேசியில் பேச முடியுமா? "அதெல்லாம் அங்கே போனதும் தெரியும்" என்றால் இங்கேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு பொறி, நாள் கணக்கு. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கிய மறுநாளே கார்கில் வழியாகப் பதுமுக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். அந்த வழியில் பென்ஸி லா கணவாய் 4,400 மீட்டர். ஓட்டல் வாடகை மிச்சமாம்! லேயில் முழுதாக இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும், உங்கள் வயதுக்கு மூன்று. தலைவலியும் வாந்தியும் நிற்காமல் இருந்தால் மேலே போகவே கூடாது, முன்பணம் போனால் போகட்டும். ஊர் திரும்பும் விமானத்தையும், ஆறு முடிகிற நாளுக்கு மறுநாளே போடாதீர்கள்.

பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலையே செய்யாது. இப்படிப்பட்ட இடத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசிதான் மருந்து. ஆனால் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் நம் நாட்டில் குற்றம். அனுமதி கேட்டு ஒரு சிறு குழு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு அலைவது? காப்பீட்டுக்காரர்களோ கையேட்டின் முதல் பக்கத்தில் மலை படம் போடுவார்கள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "சாகச விளையாட்டுகள் நீங்கலாக" என்பார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். ராஃப்டிங் என்ற சொல்லும், எத்தனை மீட்டர் உயரம் வரை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. பருப்பு, காய், சப்பாத்தி, தூக்பா என்கிற நூடுல்ஸ் சூப் எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிவாக்கிலேயே கொதித்துவிடும். கிருமி செத்துவிடும், அரிசிதான் வேகாது. குக்கர் கொண்டுவருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றுநீர் சிமெண்டுக் கரைசல் நிறத்தில் இருக்கும், சமையல்காரர் கொதிக்கவைத்துத் தருவதை மட்டும் குடியுங்கள்.

உங்கள் கணவர் மூக்குக்கண்ணாடி போடுபவரா என்று எழுதவில்லை. போடுபவரானால் கழுத்துக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும் கயிறு ஒன்றும், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். மாற்றுக் கண்ணாடியை அந்த இரண்டாவது இன்சுலின் பெட்டியில் வையுங்கள். ஊசியின் அளவுக்கோட்டைப் படிக்க அது தேவைப்படும்.