மாடிப்படி மூலையில் காபி மேடை: கேள்வி பதில்

வீட்டில் எதற்கும் உதவாமல் கிடக்கும் மூலையைக் காபி போடும் இடமாக்குவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஃபில்டர் காபிக்காரர்கள் என்பதால் அளவுகளும் அவர்களுக்கே பொருந்தும்.

கேள்வி: அண்ணா, ஹாலில் மாடிப்படிக்கு அடியில் 6 அடி நீளத்துக்கு இடம் இருக்கு. உயரமான பக்கம் ஆறரை அடி, அந்தப் பக்கம் போகப் போகத் தாழ்ந்திடும். படியின் அகலம் 3 அடி. மேடையை எந்தப் பக்கம் கட்டுவது?

பதில்: உயரமான பக்கம்தான். ஆனால் 6 அடியும் மேடையாகும் என்று நினைக்காதீர்கள். 7 அங்குல உயரமும் 10 அங்குல மிதியும் உள்ள படியில் அடிப்பக்கச் சரிவு அடிக்கு சுமார் எட்டரை அங்குலம் இறங்கும். மேடை 34 அங்குலம். ஆவி மேலே போக அதற்கு மேல் 2 அடியாவது வேண்டும். ஆக 58 அங்குலம். உங்கள் 78 அங்குலம் 58 ஆகும் இடம் உயரமான முனையிலிருந்து சுமார் 28 அங்குலத்தில் வந்துவிடும். வேலை நடக்கும் மேடை அவ்வளவுதான். ஃபில்டர், பால் பாத்திரம், நாலு டவரா டம்ளர் வைக்க அது தாராளம். மீதி சரிவை இழுப்பறைகளுக்கு விடுங்கள்.

3 அடி ஆழத்தையும் மேடையாக்க ஆசாரி சொல்வார். வேண்டாம். 20 அங்குலத்துக்கு அப்பால் கை எட்டாது, அங்கே தூசியும் கரப்பானும்தான் குடியிருக்கும். மேடையை முன்விளிம்பிலிருந்து 20 அங்குலத்தோடு நிறுத்தி, பின்னால் பலகை அடித்து மூடி, மேலும் கீழும் காற்று வர வழி விடுங்கள். பின்சுவர் குளியலறைச் சுவராக இருந்தால் இந்த இடைவெளி கட்டாயம். ஓதம் நேராகப் பலகையில் ஏறாது.

கேள்வி: அதே இடத்தில் சின்ன கேஸ் அடுப்பு வைக்கலாமா?

பதில்: கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், மூடிய மூலையில் கலைந்து போக வழியில்லை. இண்டக்‌ஷன் அல்லது கெட்டில் போதும்.

கேள்வி: டிவிக்குப் போட்ட 6 ஆம்ப் பாயிண்ட் பக்கத்திலேயே இருக்கு சார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு கெட்டில், இண்டக்‌ஷன் இரண்டையும் ஓட்டிக்கலாமா?

பதில்: கணக்குப் பாருங்கள். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்ப் இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் 8.7 ஆம்ப். இரண்டும் சேர்ந்து 15-ஐத் தாண்டும். 6 ஆம்ப் பாயிண்டில் கெட்டில் ஒன்றுக்கே இடமில்லை. முதலில் பிளக் பின் கறுக்கும், அடுத்து சுவிட்ச் உள்ளே பிளாஸ்டிக் இளகும். வாசனை வரும்போது ஏற்கெனவே தாமதம்.

டி.பி. பெட்டியிலிருந்து (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), இரண்டு 16 ஆம்ப் சாக்கெட், விளக்குக்கும் கிரைண்டருக்கும் ஒரு 6 ஆம்ப். எர்த் ஒயர் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் புழங்கும் இடம், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் விடக்கூடாது. சாக்கெட் மேடைக்கு மேல் 8 அங்குலத்தில், அடுப்புக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில். இதெல்லாம் பெயிண்ட் அடிப்பதற்கு முன் முடிய வேண்டும். அழகான அலமாரி செய்து முடித்துவிட்டு, பிறகு சுவரை உடைப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: குழாய், சிங்க் இரண்டும் வேணுமா?

பதில்: தண்ணீர் கொண்டுவருவது சுலபம், கழிவை வெளியேற்றுவதுதான் கஷ்டம். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். பக்கத்து டிரெயின் 10 அடி தள்ளி என்றால் இரண்டரை அங்குலம் இறங்கியாக வேண்டும். ஹால் தரையை உடைக்காமல் முடியாது. அதற்குப் பதில் 20 லிட்டர் கேன், கீழே ஒரு எவர்சில்வர் டிரே. பாத்திரம் சமையலறையில்தான் கழுவப்போகிறீர்கள்.

சிங்க் இருந்தாலும் காபி மண்டியை அதில் கொட்டாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்து டிராப்பில் (சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாய்) இறுகிவிடும். மூடி போட்ட டப்பாவில் தட்டி, தினமும் செடிக்கோ உரத்தொட்டிக்கோ கொட்டுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை படரும்.

கேள்வி: எங்களுக்குப் படி இல்லை, எல் வடிவ சமையல் மேடையின் மூலைதான் வீண். அங்கே எஸ்பிரெஸ்ஸோ மெஷின் உட்காருமா?

பதில்: கோணலாக வைத்தால் உட்காரும். இரண்டு பக்கமும் 24 அங்குல மேடை என்றால், சுவர் மூலைக்கும் உள்விளிம்பு முனைக்கும் குறுக்களவு 34 அங்குலம். 12 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள மெஷினை 45 பாகையில் திருப்பினால் பின்னால் 6 அங்குலம் முக்கோணமாக வீணாகும், அது ஒயருக்கு. முன்னால் 16 அங்குலம் மிஞ்சும், கப்பும் பால் ஜக்கும் வைக்க அது போதும். வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: தண்ணீர்த் தொட்டி மேலிருந்து திறக்கிற மாடல் என்றால், மேல் அலமாரி இடிக்கும். பக்கவாட்டில் உருவுவதும் மூலையில் நடக்காது. முன்பக்கம் உருவும் தொட்டி, அல்லது மேல் அலமாரியே இல்லாத மூலை.

போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: அக்கா வீட்டில் காபிப் பொடி வாரத்திலேயே கட்டி தட்டிப் போகுது. டப்பா நல்ல டப்பாதான்.

பதில்: டப்பா எங்கே இருக்கிறது? கெட்டிலுக்கு நேர் மேல் தட்டில் என்றால் அதுதான் காரணம். சிக்கரி ஈரத்தை இழுக்கும்; ஆவி வரும் இடத்தில் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும். ஈர ஸ்பூனும் ஆகாது. கெட்டிலின் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, பொடியைக் கீழ் இழுப்பறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: தரைத்தளம், கரையான் பயம். என்ன பலகை போடலாம்?

பதில்: 18 மி.மீ., ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) உள்ள பிளைவுட். அலமாரி தரையில் உட்காராமல் 4 அங்குல பி.வி.சி. கால்களில் நிற்கட்டும், மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் கரையான் மண் தெரிகிறதா என்று பார்க்கலாம். மேல் கல்லும் சுவரும் சேரும் கோட்டில் சிலிக்கான் பூசுங்கள். பொங்கிய பால் அந்த இடுக்கில்தான் இறங்கும். அப்புறம் எறும்பு போகவே போகாது.

கேள்வி: வாடகை வீடு சார். ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார்.

பதில்: பிரேக் உள்ள சக்கரம் வைத்த ஸ்டீல் டிராலி, 16 ஆம்ப் பாயிண்ட் இருக்கும் மூலையாகப் பார்த்து. கனமானவை கீழ்த்தட்டில். ஃப்ரிட்ஜிலிருந்து நாலைந்து எட்டுக்குள் இருக்கட்டும். பாலுக்காகத் தினமும் ஹாலைக் கடந்தால் ஒரு மாதத்தில் சமையலறைக்கே திரும்பிவிடுவீர்கள்.