ஜனவரிக் கடன் எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு மொபெனியில் தொழிற்சாலை வேலை, மாதம் கைக்கு வருவது 12,500 ராண்ட். இவர் வீட்டில் தையல் தைத்து 2,500 சேர்க்கிறார். டிசம்பரில் கணவருக்கு 13ஆவது செக், அதாவது வருடக் கடைசியில் வரும் கூடுதல் சம்பளம், பிடித்தம் போக 10,000. மகள் வரும் ஜனவரியில் 8ஆம் வகுப்புக்குப் போகிறாள், மகன் 4ஆம் வகுப்புக்கு. டொங்காட்டிலிருந்து வந்து கூடவே இருக்கும் மாமியாருக்கு 67 வயது. "மாதச் செலவு 14,600, அதில் சாப்பாட்டுக்கு 4,200. எழுதிப் பார்த்தால் 400 ராண்ட் மிச்சம் என்றுதான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் கடன்தான். இந்த வருடம் 8,000 கடனாக வாங்கினோம், துணிக்கடை அக்கவுண்ட்டில் இன்னொரு 4,000. அடைத்து முடிக்க ஜூலை ஆகிவிட்டது. அந்த மாதங்களில் ப்ரீபெய்ட் கரண்ட் தீர்ந்து இருட்டில் உட்கார்ந்த நாளும் உண்டு. மளிகையை இன்னும் குறைக்கட்டுமா? எங்கே தப்பு செய்கிறேன்?" என்று கேட்கிறார்.

மளிகையில் கை வைக்காதீர்கள், சகோதரி. மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 4,200 ராண்டை 5 பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 28 ராண்ட். அதில் மூன்று வேளை சமைத்துப் போடுகிறவரிடம் இன்னும் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இதற்கு மேல் குறைத்தால் அது பிள்ளைகளின் தட்டில்தான் தெரியும்.

உங்கள் கணக்கு நோட்டை நான் வேறு மாதிரி படித்தேன். மாதக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மாதத்தில் வராமல் வருடத்தில் வருகிற செலவுகளுக்குத்தான் அந்த நோட்டில் இடமே இல்லை. நீங்கள் அனுப்பிய ரசீதுகளை வைத்துக் கூட்டினேன். ஜனவரியில் யூனிஃபார்ம், காலணி, நோட்டுப் புத்தகம் 5,700. காருக்கு வருடாந்திர லைசென்ஸ் டிஸ்க் 800, டயரும் சர்வீஸும் 5,000. காவடிக்கும் கோயிலுக்கும் 1,200. தீபாவளி 4,000. டிசம்பர் விடுமுறை 4,000. கல்யாணம், சாவு, பதினாறாம் நாள் என்று கையில் கொண்டுபோகும் கவர்கள் 3,000. கூரை, குழாய் ரிப்பேர் 3,000. மொத்தம் 26,700 ராண்ட். இதில் 13ஆவது செக் 10,000 கொடுக்கிறது. மாதம் 400 வீதம் மிச்சம் 4,800 கொடுக்கிறது. மீதி 11,900 எங்கிருந்தும் வரவில்லை. நீங்கள் வாங்கிய கடனையும் கடை அக்கவுண்ட்டையும் கூட்டிப் பாருங்கள்: 12,000.

ஆக, அந்தக் கடன் ஜனவரியில் பிறக்கவில்லை. மாதம் ஆயிரம் ராண்ட் வீதம் வருடம் முழுக்க வளர்ந்து ஜனவரியில் வெளியே தெரிகிறது. உங்கள் குடும்பத்தின் உண்மையான மாதச் செலவு 14,600 இல்லை. 26,700ஐ 12ஆல் வகுத்த 2,225ஐயும் சேர்த்தால் 16,825. இந்த எண்ணைப் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் இந்த எண்ணோடுதான் நாம் பேச வேண்டும்.

டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பேரக்ஸில் வளர்ந்த என் பெரியம்மா, சம்பள நாளன்று பேக்கிங் பவுடர் டின்களை வரிசையாக வைத்துச் சில்லறை போடுவார். ஒரு டின் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று விளக்குக்கு, ஒன்று 'ஊர்ச் சாவு'க்கு. எந்த டின்னிலிருந்தும் இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது என்பது அவர் சட்டம். இன்றைக்கு டின்னுக்குப் பதிலாக, கார்டு இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று போதும். சம்பளம் வந்த மறுநாளே பணம் அங்கே போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துப் போடலாம் என்றால் போடவே மாட்டோம்.

சரி, பணம் எங்கிருந்து?

முதலில் கடனையே பார்ப்போம், ஏனென்றால் அந்த 11,900 பள்ளத்தை அது இன்னும் ஆழமாக்குகிறது. இந்த நாட்டுச் சட்டப்படி 8,000 ராண்டுக்குள், ஆறு மாதத்துக்குள் அடைக்கும் குறுகிய காலக் கடனுக்கு மாதம் 5 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். 8,000 வாங்கி ஆறு தவணையில் அந்த வட்டியோடு கட்டினால் மாதம் ஏறக்குறைய 1,575. வட்டி மட்டும் 1,450. தொடக்கக் கட்டணமும் மாதச் சேவைக் கட்டணமும் சேர்ந்தால், உச்ச வரம்பு வசூலிக்கிற இடத்தில் 2,500ஐத் தாண்டிவிடும். ஒரு பிள்ளையின் யூனிஃபார்ம் அதிலேயே போய்விட்டது. தெருவில் வட்டிக்குக் கொடுக்கிற மஷோனிசாவிடம் போனால் இதற்கும் மேலே. யாராவது உங்கள் பேங்க் கார்டையோ ஐடியையோ பிடித்து வைத்துக்கொண்டு கடன் தருகிறேன் என்றால் அது சட்டவிரோதம். எழுந்து வந்துவிடுங்கள்.

யூனிஃபார்முக்குக் கடை அக்கவுண்ட்டை விட லே-பை நல்லது. செப்டம்பரிலேயே எடுத்து வைக்கச் சொல்லி, மாதாமாதம் கட்டி, டிசம்பரில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு வட்டி கிடையாது. நடுவில் வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் விலையில் 1 சதவீதத்துக்கு மேல் அவர்கள் பிடிக்கக் கூடாது. பிள்ளை வளரும் வயது என்பதால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். மடித்துத் தைக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது ஃபியூனரல் பாலிசி. உங்கள் பட்டியலில் மூன்று இருக்கின்றன. கணவரின் வேலையிடத்தில் ஒன்று, சவ அடக்கச் சங்கத்தில் ஒன்று, துணிக்கடை அக்கவுண்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒன்று. நம் குடும்பங்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சாவுக்குப் பணம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் நமக்கு ஆழமாக இருக்கிறது, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மூன்று வேண்டாம். முதல் இரண்டிலும் மாமியாரின் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். இருந்தால் கடை பாலிசியை எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். மாதம் 180 என்றால் வருடத்துக்கு 2,160. உறுதி தெரியும் முன் நிறுத்த வேண்டாம்.

இனி கீசர். மின்சாரச் செலவில் இதுதான் பெரிய வாய், ஆனால் எல்லோரும் பல்பை அணைத்துக்கொண்டே இருக்கிறோம். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 7 யூனிட் வேண்டும். உங்கள் வீட்டில் தினமும் இரண்டு பேர் தொட்டியில் நிரப்பிக் குளிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டிக்கு 100 லிட்டர் போகும், ஐந்து நிமிட ஷவருக்கு 40 லிட்டர் போதும். குளிக்கும் சூட்டுக்கு அந்த 60 லிட்டரைச் சூடாக்காமல் விட்டால் ஒரு குளியலுக்கு 1.4 யூனிட் மிச்சம். இரண்டு பேருக்கு 2.8. யூனிட் 3 ராண்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 3,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் ப்ரீபெய்ட் ரசீதில் இருக்கிற விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். நகராட்சிக் கட்டணம் ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் ஏறும் என்பதால் இந்த மிச்சமும் வருடாவருடம் ஏறும். சூட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் நோய்க்கிருமி வளரும். மாமியாருக்குக் கால்வலிக்குத் தொட்டிக் குளியல்தான் இதம் என்றால் அவருக்கு அதை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் ஷவருக்கு மாறட்டும்.

அடுப்பிலும் கொஞ்சம் இருக்கிறது. 2008இல் இந்த நாட்டில் உருவான வொண்டர்பேக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொதிக்கும் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினால் சூடு வெளியே போகாமல் தானாக வேகும் பஞ்சுப் பை. விலை கொடுத்து வாங்காதீர்கள், நீங்கள் தையல்காரர். பழைய கம்பளியைத் துண்டாக்கி அடைத்து அரை நாளில் தைத்துவிடலாம். பருப்பு, ராத்திரி ஊறவைத்த சுகர் பீன்ஸ், சாம்ப் என்கிற உடைத்த மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் நன்றாக வரும். பீன்ஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகத் தளதளவெனக் கொதிக்க விட்டுத்தான் பைக்குள் வைக்க வேண்டும், நான்கைந்து மணி நேரம் கழித்து எடுத்ததும் ஒரு கொதி விட்டுப் பரிமாறுங்கள். வாரத்துக்கு நாலு நாள் ஒரு யூனிட் மிச்சமானால் வருடத்துக்கு 600 ராண்ட். பை நன்றாக வந்தால் இன்னும் நாலு தைத்துப் பக்கத்து வீட்டுக்கு விற்கவும் செய்யலாம்.

சாப்பாட்டுக் காசைக் குறைக்க வேண்டாம் என்றேன், அதே காசுக்கு அதிகம் வாங்கலாம். பிரவுன் பிரெட்டுக்கு வாட் கிடையாது, வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம் உண்டு. அரிசி, பயறு, பருப்பு, மக்காச்சோள மாவு, முட்டை, பால், மாஸ் என்கிற புளித்த பால், சமையல் எண்ணெய், காய்கறி, பழம், டின் பில்சர்ட் மீன் இவற்றுக்கெல்லாம் வாட் இல்லை. கோழிக்கும் இறைச்சிக்கும் உண்டு. உறைந்த கோழித் துண்டுப் பாக்கெட்டில் 15 சதவீதம் வரை உப்புநீர் ஏற்றச் சட்டம் அனுமதிக்கிறது, அந்த நீருக்கும் நீங்கள் கோழி விலைதான் கொடுக்கிறீர்கள். வாரத்தில் ஒரு கோழி நாளை டின் மீன் கறிக்கு மாற்றினால் பிள்ளைகள் வருத்தப்பட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். காய்கறிக்கு வெள்ளி, சனியில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் உங்களுக்குப் பக்கம்தானே.

அப்புறம் புரட்டாசி. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஒரு மாதம் உங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதம் இறைச்சிக் காசு எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? பெரும்பாலும் பனீர், சோயா பாக்கெட், பிஸ்கட் என்று கரைந்துவிடும். நம் பெரியவர்கள் விரதத்தை அடுத்துத் திருநாளை வைத்திருக்கிறார்கள். புரட்டாசியில் வாங்காத இறைச்சிக்கு 600 ராண்டை முதல் வாரமே எடுத்துத் தீபாவளிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது மாமியார் விஷயம். மகன் வேலையில் இருப்பதால் அவருக்கு அரசு முதியோர் உதவி கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 60 வயது தாண்டியவருக்கு சாஸ்ஸா, அதாவது அரசு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம், பார்ப்பது அவருடைய வருமானத்தையும் சொத்தையும், துணை இருந்தால் துணையுடையதையும்தான். பிள்ளைகளின் சம்பளம் அதில் வராது. தொகை மாதம் 2,000 ராண்டுக்கு மேல். விண்ணப்பித்த நாளிலிருந்துதான் பணம் கணக்காகும், போன ஆண்டுகள் திரும்ப வராது, அதனால் இந்த வாரமே ஐடியோடு அவரை அழைத்துப் போங்கள். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: அது அவர் பணம். மாத்திரைக்கும் கோயிலுக்கும் பேரப்பிள்ளைக்கு ஒரு சாக்லேட்டுக்கும் அவர் யாரிடமும் கேட்காமல் இருக்கட்டும். வீட்டுக்கு அவராக 500 கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 6,000.

பாலிசி 2,160, குளியல் 3,000, அடுப்பு 600, புரட்டாசி 600, மாமியார் தரும் 6,000. கூட்டினால் 12,360. பள்ளம் 11,900தான்.

பள்ளிக் கட்டணத்தையும் ஒரு முறை கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணம் பெற்றோர் இருவரின் மொத்த வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு விலக்கு உண்டு. அதற்குக் கீழே இருந்தாலும் எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பகுதி விலக்கு கிடைக்கலாம். படிவத்தைத் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது 1996 பள்ளிச் சட்டம் கொடுத்த உரிமை. மகள் உயர்கல்விக்குப் போகும் காலத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதை இப்போதே அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

இப்போது ஆகஸ்ட். சாஸ்ஸா பணம் எப்போது வரும் என்று காத்திருக்காமல் தொடங்குங்கள். மாத மிச்சம் 400, நிறுத்திய பாலிசி 180, கீசரில் 250, ஆக 830ஐ இந்த மாதமே தனிக் கணக்கில் போடுங்கள். அக்டோபர் முடியும்போது 2,490, புரட்டாசி 600 சேர்ந்தால் 3,090. இந்த வருடம் மட்டும் தீபாவளி 3,000க்குள் இருக்கட்டும். பலகாரத்தில் குறைக்காதீர்கள், பட்டாசில் குறையுங்கள். நவம்பர், டிசம்பரில் போடும் 1,660 எதிர்பாராத சாவுக்கும் ரிப்பேருக்கும். 13ஆவது செக் வந்த அன்றே, பண்டிகைத் தள்ளுபடி விளம்பரம் எதையும் பார்க்கும் முன், 5,700ஐப் பள்ளிக்கு ஒதுக்குங்கள், லே-பையில் பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டு. மீதி 4,300 டிசம்பருக்கு. ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு எவ்வளவு செலவானது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த வருடக் கணக்கை உண்மையான எண்ணோடு சேர்ந்து போடலாம்.